ஐஸ் நுழையாத வீடு

பாஸோ யாத்தாயில் ஜனவரி மத்தியானம் நாய்கூட நிழலை விட்டு எழுந்திருக்காது. பரானா நதியே வெந்துபோய்க் கிடப்பது போலத் தெரியும். ஊர் முழுக்க ஆளுக்கொரு ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு, யெர்பா இலையில் ஐஸ் தண்ணீரை ஊற்றி ஊற்றி, ஒரே குழலை மாற்றி மாற்றி உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தெரெரே இல்லாமல் கோரியென்தெஸ் மாகாணத்தில் கோடையைத் தாண்டியவன் எவனும் இல்லை, ஒருவரைத் தவிர. அவர் நிகனோர் சொத்தேலோ.

நிகனோர் அதே இலையில் கொதிக்கிற நீரை ஊற்றி மாத்தேயாகத்தான் குடிப்பார். வெயில் மண்டையைப் பிளக்கும் நாளிலும் அப்படித்தான். அவர் வீட்டில் ஐஸ் கிடையாது. மனைவி சுல்மாவுக்குக் குளிர்ந்த நீர் வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுக்குப் போய்க் குடித்துவிட்டு வர வேண்டும். கல்யாணமான புதிதில் அவள் தெரியாத்தனமாக ஒரு ஜாடி தெரெரே கரைத்துக் கொண்டுவந்து நீட்டினாள். மனிதர் அதை வாங்கி அப்படியே முற்றத்தில் கவிழ்த்துவிட்டு, வெளியே போய்விட்டார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஜாதி. பிற்பாடு கைத்தடியோடு சேர்த்து அவருக்கும் மூன்று காலாகிப் போனது வேறு கதை. இல்லை, அதுதான் இந்தக் கதை.

அவருடைய வீம்புக்குக் காரணம் உண்டு. பத்தொன்பது வயதில், கட்டாய ராணுவ சேவையில் இருந்தபோது, அவரைத் தெற்கே குளிர்கடலில் இருக்கிற மால்வினாஸ் தீவுகளுக்குச் சண்டை போட அனுப்பினார்கள். கூடவே அதே தெருக்காரன், பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சுக்காரன் லிசார்தோ பர்ரியோஸ். வெயிலில் பிறந்து வெயிலில் வளர்ந்த பையன்கள். அவர்களை மெல்லிய சட்டையோடு கொண்டுபோய்ப் பனிக்காற்றில், தண்ணீர் ஊறும் குழிக்குள் இறக்கிவிட்டார்கள். வாரக்கணக்கில் ஈர பூட்ஸைக் கழற்ற வழியில்லை. லிசார்தோவின் கால்கள் வீங்கி, கறுத்து, உணர்ச்சி செத்துப்போயின. பட்டாளத்தில் அதற்குக் குழிக்கால் என்று பெயர். அந்தக் குழியில் லிசார்தோ ஒருவன்தான் சிரித்துக்கொண்டிருந்தான்.

"டேய் நிக்கா, என் பல்லு ஆடுதா பாரு."

"ஆடுதாவா? அந்தச் சத்தத்துல எனக்குத் தூக்கமே வரலடா."

"ஆடட்டும் சாமிகோ. பல்லு ஆடுற வரைக்கும் ஆளு உயிரோட இருக்கான்னு அர்த்தம். நின்னு போனாத்தான் பயப்படணும்." எங்கள் பக்கத்தில் சாமிகோ என்றால் கூட்டாளி. பிறகு தன் காலைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "இது இனிமே என்னுது இல்ல. ஊருக்குப் போனா என் பங்குக்கும் சேத்து நீயே நடந்துக்கோ, சரியா?"

"போடா சோம்பேறி. உன் பங்க நீயே நட."

ஒரு விடியற்காலையில் நிகனோர் தண்ணீர் பிடிக்கப் போனார். திரும்பி வந்தபோது அங்கே குழியும் இல்லை, லிசார்தோவும் இல்லை. பீரங்கிக் குண்டு அந்த இடத்தையே புரட்டிப் போட்டிருந்தது.

கப்பலில் ஊர் திரும்பும்போது அவர் ஒரு சத்தியம் செய்தார். இனி செத்தாலும் இந்த உடம்பில் குளிர் படாது.

ஊர் திரும்பியவர்களைப் பார்த்து ஊர் முகத்தைத் திருப்பிக்கொண்டது. தோற்றுப்போன போரை யாருக்கும் ஞாபகம் வைத்துக்கொள்ளப் பிடிக்கவில்லை. 'போர்ப் பைத்தியங்கள்' என்று சொன்ன வாய்கள் இன்றைக்கும் ஊரில் இருக்கின்றன, அவை இப்போது அவர்களைப் பார்த்துக் கை தட்டுகின்றன. போனவர்கள் சேர்ந்து தகரக் கூரை போட்ட ஓர் அறையில் சங்கம் வைத்தார்கள். தீவில் கார்ப்பரலாக இருந்த ரூபென் அக்குஞாதான் தலைவர். அவருடைய இரண்டு கால் விரல்கள் தீவிலேயே தங்கிவிட்டன. ஆற்றங்கரையில் ஒரு நினைவுக்கல் எழுப்பினார்கள். ஒவ்வொரு ஏப்ரல் இரண்டாம் தேதியும் சதுக்கத்திலிருந்து கல் வரைக்கும் அணிவகுத்து நடப்பார்கள். கல்லில் எங்கள் ஊர்க்காரன் பெயர் ஒன்றுதான். "லிசார்தோ பர்ரியோஸ்!" என்று அக்குஞா கூப்பிடுவார். செத்தவனுக்காகக் கூட இருந்தவன் பதில் சொல்ல வேண்டும்: "உள்ளேன்!"

முதல் வருஷம் ஒரு பெரிய மனிதர் காரில் வந்து இறங்கினார், மாலையை வைத்தார், எல்லோருக்கும் முந்தி "உள்ளேன்!" என்று கத்திவிட்டுக் காரிலேயே போனார். நிகனோருக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே சங்கத்தில் ஒரு சட்டம் கொண்டுவந்தார்: கல் வரைக்கும் நடந்து வந்தவன்தான் அந்தப் பெயருக்குப் பதில் சொல்லலாம், வண்டியில் வந்தவன் வாயைத் திறக்கக் கூடாது. எல்லோரும் கை தூக்கினார்கள். அதிலிருந்து வருஷா வருஷம் நிகனோர்தான் நடந்து போய் உள்ளேன் என்று சொன்னார். தன் சட்டம் ஒருநாள் தன் காலையே சுற்றும் என்று அவர் எங்கே கண்டார்.

பிழைப்புக்கு மின்சாரக் கூட்டுறவில் கம்பம் ஏறும் வேலை. முப்பத்தைந்து வயதை நெருங்கும்போது கால்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. முதலில் இடது பாதம், பிறகு வலது. தரை பஞ்சு போல இருக்கிறது என்றார். செருப்பு காலை விட்டுக் கழன்றதுகூடத் தெரியாமல் தெருமுனை வரைக்கும் நடந்து போயிருக்கிறார்.

சங்கத்தில் யாருக்கும் ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை.

"குழிக்கால்தான்," என்றார் அக்குஞா. "எனக்கும் மழைக்காலத்துல வலிக்குது. உள்ளயே இருந்திருக்கு, இப்பத் திரும்புது."

"பதினஞ்சு வருஷம் கழிச்சா?"

"குளிர் எலும்புக்குள்ள பூந்துட்டா லேசுல போகுமா? சூடு குடு. தீவுக் குளிர வெளிய இழு."

இந்த ஆட்களுக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு இது. வேறு யாராக இருந்தாலும் டாக்டரிடம் போயிருப்பார்கள். இவர்களோ எல்லா நோவுக்கும் அந்தத் தீவையே காரணமாக வைத்திருந்தார்கள். நிகனோர் கோடையில் கம்பளிக் காலுறை போட்டார். வேலை முடிந்து வந்ததும் சுல்மா ஒரு பெரிய தொட்டியில் உப்புப் போட்டு வெந்நீர் ஊற்றுவாள். முழங்கால் வரை விட்டுக்கொண்டு, சூடான மாத்தேயையும் உறிஞ்சிக்கொண்டு உட்காருவார். எழுந்திருக்கும்போது கால் மடங்கும். சில நாள் எழுந்திருக்கவே முடியாது. அவளும் பிள்ளைகளும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக் கட்டிலில் கொண்டுபோய்ப் போடுவார்கள்.

"இன்னிக்கு ரொம்ப மோசம் சுல்மா. நாளைக்குத் தண்ணிய இன்னும் கொதிக்க வை."

அவளும் வைத்தாள். மூன்று வருஷம் வைத்தாள்.

அதற்குள் ஊர் தன் வேலையைச் செய்தது. வெயிலில் நடந்தால் நிகனோர் தள்ளாடுவார், நாக்குக் குழறும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? 'சொத்தேலோ மத்தியானத்துலயே ஏத்திட்டான்' என்றார்கள். வாழ்நாளில் கல்யாண விருந்தில் ஒரு கோப்பை ஒயினுக்கு மேல் தொடாத மனிதர். ரொட்டிக் கடையில் ஒருவன் முகத்துக்கு நேரே கேட்டான், "என்ன சொத்தேலோ, தீவுல குடுத்த சரக்கு இன்னும் எறங்கலையா?" நிகனோர் அவன் சட்டையைப் பிடித்தார். பிடித்த கையில் பலமில்லாமல் விரல்கள் தானாக விட்டுவிட்டன. அவன் சிரித்தான். குடிகாரன் என்று சொன்னதைவிட அந்தக் கை விட்டுப்போனதுதான் அவரைச் சுட்டது.

அப்புறம் ஒரு ஜனவரி மத்தியானம், கம்பத்தின் உச்சியில் இருக்கும்போது இரண்டு காலும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டன. இடுப்புப் பட்டையில் தொங்கினார். கீழே இறக்கிப் பார்த்தால் ஒரு கண்ணிலும் பார்வை மங்கியிருந்தது. பட்டையைக் கழற்றிய கையோடு சுல்மா அவரை மாகாணத் தலைநகருக்குப் பஸ் ஏற்றினாள். சங்கத்து வைத்தியம் அன்றோடு முடிந்தது.

டாக்டர் மெர்லோ என்ற பெண்மணி, கெட்டியான மூக்குக் கண்ணாடி. தலையைப் படம் பிடித்தார், முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தார். கடைசியில் எதிரே உட்கார்ந்து சொன்னார்.

"இதுக்குப் பேரு மல்டிபிள் ஸ்கிலரோசிஸ். மூளையிலயும் தண்டுவடத்துலயும் இருக்கற நரம்புக்கு மேல ஒரு உறை இருக்கு. உங்க உடம்பே அத அங்கங்க அரிச்சிருக்கு."

நிகனோர் அதைத் தன் தொழிலில் வைத்துப் பார்த்தார். "எலி கடிச்ச வயர் மாதிரி."

"அதேதான்."

"வயர மாத்திடலாமா?"

"மாத்த முடியாது. மேல கடிக்காம இருக்க மருந்து இருக்கு."

"இது அந்தப் போர்லேர்ந்து வந்ததா டாக்டர்?"

"அத என்னாலயும் சொல்ல முடியாது. யாராலயும் சொல்ல முடியாது."

அந்தப் பதில்தான் அவருக்குத் தாங்கவில்லை. போரில் வந்தது என்று சொல்லியிருந்தால் அதற்கு ஒரு முகவரி இருந்திருக்கும், நின்று திட்டுவதற்கு ஒரு வாசல் இருந்திருக்கும். இதுவோ போகிற போக்கில் யார் வீட்டிலும் நுழைகிற நோய். ஆனால் டாக்டர் இன்னும் முடிக்கவில்லை.

"ஒண்ணு மட்டும் கேளுங்க. சூடு உங்களுக்கு ஆகாது. வெயில், வெந்நீர் ரெண்டும் வேண்டாம். உடம்பு சூடேறினா நரம்புல போற சேதி பாதி வழியில நின்னுடும். குளுந்த தண்ணில குளிங்க, ஐஸ் வெச்சுக்கங்க."

சுல்மாவின் முகம் வெளுத்தது. "மூணு வருஷமா நான்தான் டாக்டர் வெந்நீர் வெச்சுக் குடுத்தேன். என் கையாலயே..."

"அதால நோய் வரலம்மா, அதால அது பெருசாகவும் இல்ல. அந்த நேரத்துக்குப் பலம் போகும், ஆறினதும் வரும். உங்க மேல தப்பு இல்ல."

சுல்மா கேட்காமல் அழுதாள். நிகனோர் அழவில்லை. எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கதவு வரைக்கும் போய்த் திரும்பினார். "எல்லாம் செய்றேன் டாக்டர். அந்தக் குளிர் மட்டும் நடக்காது."

நடக்கவும் இல்லை. வெந்நீர்த் தொட்டியைத் தூக்கி மாட்டுக்குத் தண்ணீர் வைக்கக் கொடுத்தாள் சுல்மா. கம்பளிக் காலுறை போயிற்று. ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி, அவள்தான் போட்டாள். மருந்துக்காக ஃபிரிட்ஜ் வந்தது. ஆனால் மேல்தட்டில் ஐஸ் வைக்க அவர் விடவில்லை. கம்பம் ஏறும் வேலை போய், கூட்டுறவில் மீட்டர் பழுது பார்க்கிற மேஜை கிடைத்தது. அங்கே உட்கார்ந்தபடியே பத்து வருஷத்துக்கு மேல் ஓட்டினார். நோய் வரும், போகும், போகும்போது எதையாவது எடுத்துக்கொண்டு போகும். ஒருமுறை வலது கையின் பிடியை எடுத்துக்கொண்டது. இடது கையால் ஸ்க்ரூ திருகப் பழகினார். இன்னொரு முறை மூத்திரத்தை அடக்குகிற சக்தியை எடுத்துக்கொண்டது. ஊரில் எந்தெந்த வீட்டில் கழிப்பறை முன்பக்கம் இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடமானது. "இந்த ஊர்க் கக்கூஸெல்லாம் என்னை விட நல்லாத் தெரிஞ்ச கொழாய்க்காரன் எவனும் இல்ல," என்று தானே சொல்லிச் சிரிப்பார். அசதி வரும் நாட்களில் சிரிக்க மாட்டார். உடம்பு முழுக்க ஈயத்தை ஊற்றியது போல இருக்கும். பார்த்தவர்கள் 'நல்லாத்தானே இருக்கே' என்பார்கள். அந்த வார்த்தைக்காகவே நாலு பேரை வெட்டலாம் என்று எனக்கே தோன்றியிருக்கிறது, அவருக்கு எப்படி இருந்திருக்கும்.

இத்தனையிலும் ஏப்ரல் இரண்டு தவறவில்லை. கைத்தடியோடு, கடைசி வரிசையில், கடைசி ஆளாக. மேகம் போட்ட வருஷங்களில் சிரமமில்லை. வெயில் அடித்த வருஷங்களில் காலை இழுத்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

முப்பதாவது ஆண்டு வந்தது. பெரிய விழா. அக்குஞா வீட்டுக்கே வந்து உட்கார்ந்தார், மாத்தேயை வாங்கிக்கொண்டார், தொண்டையைச் செருமினார்.

"நகராட்சி லாரி ஒண்ணு குடுக்குது. கொடியெல்லாம் கட்டி. நடக்க முடியாதவங்க அதுல வரலாம்."

"நல்லது. யார் நடக்க முடியாதவங்க?"

"நிகனோர்..."

"பேரச் சொல்லு கார்ப்பரல்."

"போன வருஷம் கல்லுக்கிட்ட வந்து விழுந்தியே. எல்லாரும் பாத்தாங்க. இந்த வருஷம் வடக்குக் காத்து வேற அனலா அடிக்குது. அந்தச் சட்டத்த நாம மாத்திக்கலாம்டா. லாரில வந்து நீயே உள்ளேன் சொல்லு. யாரு கேக்கப் போறா?"

"நான் கேப்பேன். சட்டம் போட்டவனே நான்தான்." நிகனோர் தடியால் தரையைத் தட்டினார். "அவன் என்கிட்ட லாரில வரச் சொல்லல. நடக்கச் சொன்னான்."

"நீ விழுந்தா?"

"விழுந்து எந்திரிக்க முடியலன்னா அன்னியிலேர்ந்து வேற ஆளு பதில் சொல்லட்டும். அப்புறம் நான் வாயத் தொறக்க மாட்டேன்."

அக்குஞா போன பிறகு அந்தச் சொல்லின் கனம் நிகனோர் மேல் இறங்கியது. விழுந்து எழ முடியாவிட்டால் லிசார்தோவின் பெயர் இனி வேறொருவர் வாய்க்குப் போய்விடும். அந்தக் குழியில் இல்லாத ஒருவர் வாய்க்கு. அவருக்குப் பயமாக இருந்தது. குண்டு விழுந்த நாட்களில் பயந்ததைவிட அதிகம் பயந்தார்.

சுல்மா சமையலறைக் கதவில் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கிழவா, நடக்கணும்னா ஒரே வழிதான் இருக்கு. உனக்கே தெரியும்."

அவர் தடியை ஊன்றி எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்தார். பிறகு, "மேல்தட்டுல எவ்வளவு பிடிக்கும்?" என்றார்.

மறுநாள் அந்த வீட்டில் முதன்முறையாக ஐஸ் நுழைந்தது. சுல்மா காலி பால் பாக்கெட்டுகளைக் கழுவி, நீர் நிரப்பி, முனையை மெழுகுவர்த்தியில் காட்டி ஒட்டி உறைய வைத்தாள். மீன் பிடிக்கப் போகிறவர்கள் போடும் பை வைத்த கையில்லாச் சட்டை ஒன்றை எடுத்து, முதுகிலும் விலாவிலும் இன்னும் பைகள் தைத்தாள். மத்தியானம், முற்றத்து மாமர நிழலில், அதை அவருக்கு மாட்டினாள். உள்ளே தடித்த சட்டை ஒன்று கட்டாயம் வேண்டும், தோலில் படக் கூடாது என்று அவர் நிபந்தனை போட்டிருந்தார்.

மாட்டியதும் மூச்சு நின்றது. கண்ணை மூடினால் குழி, சேறு, உப்புக் காற்று. "கழட்டு, கழட்டு!" என்று கத்தினார். கழற்றினாள். சட்டையை நாற்காலியில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணீர் அவருக்குத் தாடை வழியாக ஒழுகியது. துடைத்துக்கொள்ளவும் இல்லை. கொஞ்சம் கழித்து, "மறுபடி மாட்டு," என்றார்.

அன்றைக்கு மூன்று தடவை கழற்றினாள், நாலு தடவை மாட்டினாள். நாலாம் தடவை அவர் அதோடு எழுந்து வேலி வரைக்கும் போனார். தடியைத் தரையில் ஊன்றாமலே திரும்பி வந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பாவி," என்றாள் சுல்மா. "இத்தன வருஷம் என்னைப் பக்கத்து வீட்டுல தண்ணி குடிக்க வெச்சியே."

ஏப்ரல் இரண்டாம் தேதி வடக்குக் காற்று உலை வாய் போல அடித்தது. ஊர் முழுக்க நடைபாதையில் நாற்காலி போட்டு, ஜாடியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தது. நிகனோர் பதக்கத்தை மீன்காரச் சட்டையின் மேலேயே குத்தியிருந்தார். பனிப் பாக்கெட்டுகள் கல் போல இருந்தன. கணக்குப் போட்டுத்தான் வந்திருந்தார்கள்; அது உருகுவதற்குள் கல்லுக்குப் போய்விடலாம்.

ஆனால் கணக்கில் மேயரைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். மேயர் மைக்கைப் பிடித்தார். வீரம் என்றார், தியாகம் என்றார், புதிதாகப் போடப்போகும் சாலையைப் பற்றிச் சொன்னார், மறுபடி வீரத்துக்கு வந்தார். வெயிலில் நின்ற நிகனோரின் சட்டையிலிருந்து நீர் சொட்டி, கால்சட்டையில் கோடாக இறங்கியது. முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்துவிட்டுச் சங்கடமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஐஸ்தான்டா," என்று உறுமினார் நிகனோர். "வேற எதுவும் இல்ல."

அணி கிளம்பியபோது பாக்கெட்டுகளில் வெதுவெதுப்பான நீர்தான் மிச்சம். தேவாலயம் வரைக்கும் நன்றாகவே நடந்தார். மருந்துக் கடை முனையில் இடது பாதம் தரையை உரச ஆரம்பித்தது. ரொட்டிக் கடைக்கு எதிரே, ஒருகாலத்தில் அவரைக் குடிகாரன் என்றார்களே அதே இடத்தில், இரண்டு முழங்காலும் மடங்கி, தடியைக் கட்டிக்கொண்டு நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் வந்த கொடி கட்டிய லாரி மெதுவாக ஹாரன் அடித்தது.

"அணி, நில்!" என்றார் அக்குஞா. வரிசையை விட்டு ஓடி வந்தார். "போதும்டா. ஏறு. உன்னை யாரும் குறைச்சு நினைக்க மாட்டாங்க."

"ஏற மாட்டேன்."

"நான் தூக்கிட்டுப் போறேன்."

"தூக்கினா நடந்ததா ஆகாது. விடு கார்ப்பரல்."

நாக்குக் குழறியது. எழ முயன்றார், கால் அவருடையதாக இல்லை. லாரிக்காரன் பலகையை இறக்கினான். அதற்குள் நடைபாதையிலிருந்து சுல்மா இறங்கி வந்தாள். கண்ணில் பட்ட முதல் நாற்காலியில் ஒரு பருத்த அம்மாள் தெரெரே ஜாடியோடு உட்கார்ந்திருந்தாள். "குடும்மா, அப்புறம் கேளு," என்று ஜாடியைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். ஐஸ் கட்டிகள் உள்ளே கலகலத்தன. தெருவே எட்டிப் பார்த்தது. சொத்தேலோவுக்கும் ஐஸுக்கும் உள்ள பகை ஊருக்கே தெரியும்.

சுல்மா அவர் எதிரே நின்றாள். ஊற்றிவிடவில்லை. "ஊத்தவா?" என்று கேட்டாள்.

துணிக்கு மேல் படும் குளிர் வேறு, தோலில் விழும் குளிர் வேறு. நிகனோர் ஜாடியைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், தெருக்கோடியில் வெயிலில் மின்னும் கல்லைப் பார்த்தார். தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். சட்டைப் பொத்தானைப் பிரித்தார்.

"ஊத்து."

மொத்தத்தையும் கவிழ்த்தாள். ஐஸ் நீர் உச்சந்தலையில் விழுந்து, கழுத்தில் இறங்கி, முதுகுத் தண்டில் ஓடியபோது அவர் வாயிலிருந்து ஒரு சப்புக்காய் கிளம்பியது. எங்கள் ஊரில் சந்தோஷத்துக்கும் சாவுக்கும் ஒரே கூவல்தான். அடிவயிற்றிலிருந்து எழுந்து கூரைகளுக்கு மேலே போகும். தீவுக்குப் போனதிலிருந்து அவர் கூவி யாரும் கேட்டதில்லை. ஒரு நொடி எல்லோரும் அயர்ந்துபோனார்கள். பிறகு அணியிலிருந்து ஒரு கூவல், நடைபாதையிலிருந்து ஒன்று, லாரிமேல் இருந்த கால் இல்லாதவரிடமிருந்து ஒன்று. தெரு முழுக்கக் கூவியது.

அதற்கப்புறம் ஜாடிகளைப் பிடுங்கத் தேவை இருக்கவில்லை. ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்தார்கள். ரொட்டிக் கடைக்காரர் ஒரு வாளியே தூக்கி வந்தார். கழுத்தில் ஐஸ், அக்குளில் ஐஸ், பூட்ஸுக்குள் ஐஸ். மேயர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். அக்குஞா அவர் பக்கம் திரும்பவே இல்லை. அணி வெயிலில் அசையாமல் நின்றது. முடிந்தபோது நிகனோர் இடது பாதத்தின் கட்டை விரலை மடக்கிப் பார்த்தார். அது மெல்ல, முணுமுணுத்துக்கொண்டே சொன்ன பேச்சைக் கேட்டது.

எழுந்து நின்றார். யாரும் கை கொடுக்கவில்லை, கொடுத்தால் அடி விழும் என்று தெரியும். அக்குஞா முன்னால் போய் நின்று, வழக்கமான வேகத்தை விட்டுவிட்டு, பிணத்தோடு போகிற நடை அளவுக்கு இழுத்துக் குரல் கொடுத்தார்.

"இ...டது. வ...லது."

அணி முழுக்க அந்த வேகத்தில் நடந்தது. பூட்ஸுக்குள் தண்ணீர் சளக் சளக் என்றது. இந்தச் சத்தம் நிகனோருக்குத் தெரியும். இதற்குப் பயந்துதான் முப்பது வருஷமாக ஓடி ஓடி ஒளிந்தார். இப்போது அதன் மேலேயே காலை வைத்து நடந்தார்.

கல்லின் எதிரே வந்து நின்றார்கள். அக்குஞா தொப்பியைக் கழற்றினார்.

"லிசார்தோ பர்ரியோஸ்!"

நிகனோர் வாயைத் திறந்தார். தாடை அடித்துக்கொண்டது, அந்த வெயிலில், ஊரே வியர்வையில் குளிக்கும்போது, அவர் பற்கள் கடகடவென்று ஆடின. பல்லு ஆடுற வரைக்கும் ஆளு உயிரோட இருக்கான்னு அர்த்தம் சாமிகோ. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பும் அழுகையுமாக, தடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பற்களை ஆடவிட்டபடியே கத்தினார்.

"உள்ளேன்!"

ஆற்றுக்கு அக்கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

பூ வைத்து முடிந்து கூட்டம் கலைந்தபோது, நினைவுக்கல்லின் படியில் உட்கார்ந்துகொண்டு அவர் சுல்மாவைக் கூப்பிட்டார். உதடு இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் தெரெரே இருந்தாக் குடேன்."

சுல்மா இடுப்பில் கை வைத்து அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"முப்பது வருஷமா வேணாம்னு கவுத்தவனுக்கு இன்னிக்குத்தான் கேக்குதோ? ஊர்ல ஒரு சொட்டு மிச்சம் இல்ல கிழவா. எல்லாத்தையும் உன் தலையிலதான் ஊத்தியாச்சு. எழுந்திரு, வீட்டுக்கு நட. மேல்தட்டுல ஐஸ் இருக்கு."